கண்ணாடிக்கு இந்தப் பக்கம்

எங்களுடையது பனிச்சறுக்குக்குப் போகிற குடும்பம் என்று
பரிதி டொரன்டோவில் யாரிடமோ சொல்லியிருக்கிறான்.
பொய்யில்லை.
முழு உண்மை என்றும் சொல்ல முடியாது.

வியாழன் ஷிஃப்ட் முடிந்து
சிமென்ட் தூசி புருவத்தில் அப்படியே இருக்க
அப்பா நிசான் சன்னியைக் கிளப்புவார்.
ராஸ் அல் கைமாவிலிருந்து துபாய்,
வழியெல்லாம் ஒட்டகம் எச்சரிக்கைப் பலகை.
மாலுக்குள் மூன்றாள் உயரக் கண்ணாடி.
அந்தப் பக்கம் ஒரு மலை, மைனஸ் இரண்டு.
இந்தப் பக்கம் நாங்கள் நாலு பேர்,
ஒரு பொட்டலம் உருளைக்கிழங்கு வறுவல்.
பார்ப்பதற்குக் காசில்லை
என்பதைக் கண்டுபிடித்தது அம்மா.

நாலு வருஷம் பார்த்தோம்.
அப்பா பார்த்தே படித்துவிட்டார்.
"முழங்காலை மடக்கணும். குதிகாலை விரி,
விரலைச் சேர். பிரேக் அவ்வளவுதான்."
காலுறையோடு ஹால் டைல்ஸில் சறுக்கிக் காட்டுவார்.
"விழுந்தா கம்பெனி இன்ஷூரன்ஸ் தராது,"
வெங்காயத்திலிருந்து தலை தூக்காமல் அம்மா.

ஒரு போனஸ் வந்தது.
மூன்று டிக்கெட்டுக்கு வந்தது.
"எனக்குக் குளிர் ஒத்துக்காது," என்றாள் தவமணி,
ஏசியைப் பதினெட்டில் வைத்துத் தூங்குகிறவள்.

வாடகை ஜாக்கெட்.
கையுறைக்குள் முன்னால் போட்டவரின் ஈரம்.
உள்ளே மூச்சிழுத்தால்
ஃபிரீசருக்குள் தலையை விட்டதுபோல்
மீனில்லாத ஒரு குளிர்.
அப்பா சின்னச் சரிவின் உச்சியில் நின்றார்.
முழங்கால் மடங்கியது.
குதிகால் விரிந்தது.
விரல்கள்தான் சேரவே இல்லை.
உட்கார்ந்த வாக்கில்,
மிகுந்த மரியாதையோடு, கீழே வந்து சேர்ந்தார்.
"வெரி குட் சார்," என்றான் பிலிப்பினோ பையன்.
பரிதி சிரித்துச் சிரித்துத் தானும் விழுந்தான்.

நான்தான் முதலில் பார்த்தேன்.
கண்ணாடிக்கு வெளியே அம்மா.
கைப்பையை அணைத்துக்கொண்டு
எதையோ சொல்கிறாள். கையை ஆட்டுகிறாள்.
நாங்களும் கையாட்டினோம்.
அவள் இன்னும் வேகமாகச் சொன்னாள்.
நாங்கள் இன்னும் வேகமாக ஆட்டினோம்.

பிறகு அந்த ஜனவரி.
ஜெபல் ஜைஸில் வெள்ளையாக விழுகிறதென்று
பக்கத்து ஃபிளாட் பஷீர் கதவைத் தட்டிய இரவு.
போர்வைகளோடு ஏறினோம்.
வளைவுக்கு வளைவு மலை குளிர,
வண்டி கொதித்தது.
பாதி மலையில் பானட்டைத் திறந்து நின்றபோது
குல்ஜமான் என்ற பட்டாண் டிரைவர்
எண்ணெய் டின்னில் தண்ணீர் ஊற்றினார்.
மேலே பாதையைப் போலீஸ் மூடிவிட்டது.
திரும்பலாம் என்றிருந்தோம்.
இறங்கி வந்த லேண்ட் குரூசரில்
ஆலங்கட்டி குவிந்திருந்தது.
எங்கள் நாலு மூஞ்சியையும் பார்த்து
கந்தூரா போட்ட பையன் ஒருவன் நிறுத்தி
இரண்டு கை அள்ளிக் கொடுத்தான்.

அம்மாதான் வாங்கினாள்.
யாருக்கும் தரவில்லை.
மீதியைத் தேநீர் பிளாஸ்கில் போட்டு மூடினாள்.
ஒரு கைப்பிடியை மட்டும் இறுக்கியே வைத்திருந்தாள்,
முழங்கை வழியாக ஒழுகி
சேலை நனைகிற வரைக்கும்.
அடிவாரம் வரை ஒரு வார்த்தை பேசவில்லை.
வீட்டில் திறந்தபோது
பிளாஸ்கில் ஏலக்காய் வாசனையோடு
அரை டம்ளர் தண்ணீர்.
பங்கு போட்டுக் குடித்தோம்.

இப்போது பரிதி தினமும் விடியலில்
மண்வாரியால் பனியைத் தள்ளுகிறான்.
வீடியோவில் கெட்ட வார்த்தை சொல்கிறான்.
அம்மா அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறாள்,
சத்தத்தை அணைத்துவிட்டு.

நான் ஷார்ஜாவில்.
என் விசாவில் அவர்கள் இருவரும்.
ஆகஸ்டு, வெளியே நாற்பத்தேழு.
அன்று என்னம்மா சொன்னாய் என்று
வருஷத்துக்கு ஒருமுறை கேட்கிறேன்.
ஜிப்பை மூடச் சொன்னேன், என்றாள் ஒரு தடவை.
பார்க்கிங் நேரம் முடிகிறது என்றேன்,
இது இன்னொரு வருஷம்.
நேற்று கேட்டேன்.
"தெரியலடி.
கண்ணாடியில என் மூஞ்சியும் தெரிஞ்சுது.
அதுகிட்டதான் பேசிட்டிருந்தேனோ என்னமோ."

தூங்குகிறார் என்று நினைத்திருந்தோம் அப்பாவை.
"முழங்கால் சரியாத்தான் மடங்குச்சு,"
என்றார், யாரும் கேட்காமலே.